நீல உப்புக்கட்டி

ஜூன் 2

அன்புள்ள மருமகளுக்கு மாமா எழுதுவது.

இப்படியெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்று கேட்காதே. டிரைவரிடம் சொன்னேன், கிடங்குப் பூட்டிடம் சொன்னேன், சுவரில் தொங்கும் காலண்டரிடமும் சொன்னேன். கேட்க ஆள் இல்லையென்றால் அது சொன்ன வாயின் குற்றமா?

வருடாந்திரக் கணக்கெடுப்புக்கென்று போன வாரம் நாலு ஜீப்பைச் சரணாலய வேலிக்குள் விட்டு மந்தையை விரட்டினார்கள். மூன்றாம் நாள் ஒரு பெட்டை தள்ளாடி விழுந்தது. அடுத்த நாள் ஐந்து. இன்றைக்கு நாற்பது ஆகிவிட்டது. ஊரில் எல்லாரும் மான் மான் என்கிறார்கள். நான் ஒருத்தன்தான் இரலை என்று திருத்திக்கொண்டிருக்கிறேன். மானுக்குக் கொம்பு உதிர்ந்து முளைக்கும், இரலைக்கு உதிராது. இருபது வருடமாகத் தீவனக் கிடங்கைக் கட்டி மேய்ப்பவனுக்கு வார்த்தை சுத்தம் வேண்டாமா?

செத்ததில் ஒன்றை நானே அறுத்துப் பார்த்தேன். கண்ணின் வெள்ளையெல்லாம் மஞ்சள். மூத்திரப்பை நிறையப் பால் சேர்க்காத காப்பி. சிறுநீரகம் துப்பாக்கிக் குழாய் மாதிரி நீலமும் கறுப்புமாக மின்னியது. வன அதிகாரி வந்து, "நீங்க ஏன் கத்தி எடுத்தீங்க? டாக்டரா நீங்க?" என்றார். "ஐயா, என் அக்கா மக டாக்டர். அவ உடம்புல ஓடுறது எங்க வீட்டு ரத்தந்தானே" என்றேன். என்னை இங்கே அரை டாக்டர் என்று கூப்பிடுவது உனக்குத் தெரியும். அன்றிலிருந்து முக்கால் ஆகிவிட்டேன்.

காரணத்தையும் நானே கண்டுபிடித்துவிட்டேன். ஓடைக்கு மேலே சாயப்பட்டறை இருக்கிறதே, அதன் குழாயிலிருந்து சிவப்பும் பச்சையுமாகத் தண்ணீர் வந்ததை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். ஓடைத் தண்ணீர் ஒரு பாட்டிலும், ஈரல் துண்டுகளும், அதிகாரியின் கடிதமும் ஐஸ் பெட்டியில் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். உன் பரிசோதனைக்கூடம் அதைச் சரிபார்த்து முத்திரை குத்தினால் போதும்.

மிச்ச மந்தையைப் பற்றிக் கவலைப்படாதே. அவை நக்குவதற்கு என் நீல உப்புக்கட்டிகள் இருக்கின்றன. நீ பிப்ரவரியில் யோசனை சொன்னாய், உண்மைதான். ஆனால் வாளியில் ஊற்றி, சர்க்கரைப் பாகு சேர்த்து, வானத்தில் ஒரு துண்டை வெட்டி வைத்தது போல நிறம் கொண்டுவந்தது என் கைவேலை. வருகிற அதிகாரிகள் எல்லாம் போட்டோ எடுக்கிறார்கள். ஆறு இடத்தில் வைத்திருந்தேன். சாவு தொடங்கியதும் தெம்புக்கு ஆகட்டும் என்று பத்து இடமாக்கிவிட்டேன்.

அக்காவைக் கேட்டதாகச் சொல்.

மாமா

&nbsp;

ஜூன் 9

மாமா,

இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்தவுடன் உப்புக்கட்டிகளை எடுத்துவிடுங்கள். பத்தையும். எடுத்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

மலைக்கு அந்தப் பக்கம் போன் எடுக்காது என்பதால் அதிகாரியின் அலுவலகத்துக்கும் சொல்லியிருக்கிறேன். அவர்கள் இந்தக் கடிதத்துக்கு முன்னால் வந்துவிட்டால் தடுக்காதீர்கள்.

ஈரலில் இருப்பது செம்பு. இருக்க வேண்டியதைப் போலப் பன்னிரண்டு மடங்கு. இது ஒரே நாளில் சேர்ந்ததல்ல, மூன்று நான்கு மாதம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்கிறது. ஈரல் சொல்லாமல் கொள்ளாமல் வாங்கி வைத்துக்கொண்டே இருக்கும். வெளியே பார்த்தால் விலங்கு நன்றாகத்தான் இருக்கும், மேயும், குட்டி போடும். பயந்து ஓடினால், பட்டினி கிடந்தால், அத்தனையும் ஒரே நேரத்தில் ரத்தத்தில் கொட்டும். ரத்த அணுக்கள் உடையும். நீங்கள் காப்பி என்று எழுதியது அந்த ரத்தம்தான். ஜீப் விரட்டியது கடைசித் தள்ளல், அவ்வளவே.

உங்கள் ஓடைத் தண்ணீரில் சாயம் இல்லை, செம்பும் இல்லை. குடிக்கலாம். குழாயைக் கண்ணால் பார்த்ததாக எழுதியிருந்தீர்கள். நாற்பது செத்தன என்றும் எழுதியிருந்தீர்கள். அதிகாரியின் பட்டியலில் பத்தொன்பதுதான். உங்கள் எண்ணை எப்போதும் பாதியாக்கிப் படித்துப் பழகிவிட்டேன், அதனால் அதை விடுங்கள்.

இதை விட முடியாது. குளம்பு வெடிக்கிறது, குட்டிகளுக்கு முடி கொட்டுகிறது என்று நீங்கள் கேட்டதற்கு பிப்ரவரியில் நான் எழுதியது துத்தநாகம். நூறு கிலோ உப்புக்கு ஒரு கிலோ துத்தநாக சல்பேட். அது வெள்ளையாக, சீனி போல இருக்கும். கலந்தால் உப்புக்கட்டி வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும்.

நீலம் எங்கிருந்து வந்தது மாமா?

ஒரு கட்டியில் கால் கிலோ உடைத்து அனுப்புங்கள்.

&nbsp;

ஜூன் 13

அன்புள்ள மருமகளுக்கு,

செம்பாகத்தான் இருக்கும் என்று எனக்கு ஒரு மூலையில் பட்டுக்கொண்டே இருந்தது. சாயத்தை முதலில் சொன்னது உன் மூளைக்கு வேலை வைக்கத்தான்.

கட்டிகளை எடுத்துவிட்டேன். அதிகாரியின் ஆட்கள் வந்தபோது நான் கடப்பாரையோடு நின்றுகொண்டிருந்தேன். கேட்ட துண்டையும் அனுப்பியிருக்கிறேன்.

அதிகாரி கிடங்கு வாசலிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து விசாரித்தார். டிரைவர், கூலியாட்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள்.

"இதுல என்ன கலந்தீங்க?"

"துத்தம் கலந்தேன்யா."

"யார் சொல்லி?"

"என் மருமக சொல்லி. டாக்டர். கடுதாசி இருக்கு."

"வாயால சொன்னா ஆகாது. எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது? உள்ளதைத்தானே எழுத முடியும். நீ எழுதியது துத்தம். துத்தம் என்றால் மயில்துத்தம், மயில்துத்தம் என்றால் மயில் கழுத்து நீலம், தோட்டத்து நோய்க்கு அடிப்பார்களே அதேதான். நான் உன் கடிதத்தைப் பெட்டியில் துணிக்கு அடியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். எழுத்து முத்து முத்தாக இருக்கிறது.

நான் உன்னைக் குறை சொல்வதாக எண்ணிவிடாதே. உனக்கு ஆயிரம் வேலை. ஒரு எழுத்து முன்னே பின்னே போகும். அதிகாரியிடம்கூட, "சின்னப் புள்ளைங்கய்யா, பெருசு பண்ணாதீங்க" என்றுதான் சொன்னேன்.

இங்கே இப்போது என்னை டாக்டர் என்று யாரும் கூப்பிடுவதில்லை. அரையும் இல்லை, முக்காலும் இல்லை.

மாமா

&nbsp;

ஜூன் 18

மாமா,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். துத்தம் என்ற வார்த்தையில்தான் ஒவ்வொரு முறையும் நின்றுபோகிறேன்.

நீங்கள் அனுப்பிய துண்டைச் சோதித்தாயிற்று. மயில்துத்தம்தான். செம்புச் சத்து. நான் சொல்ல நினைத்தது துத்தநாகம். அது வேறு உலோகம், உறவே கிடையாது. கொடுமை என்னவென்றால், துத்தநாகம் வயிற்றில் இருந்தால் செம்பை உள்ளே ஏறவிடாது. சரியான பொடி போயிருந்தால் இந்த நோயே எட்டிப் பார்த்திருக்காது.

அந்தக் கடிதம் எழுதிய நாள் நினைவிருக்கிறது. அம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன். ஆபரேஷன் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் பையை வைத்து அதன் மேல் எழுதினேன். நர்ஸ் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். என்ன எழுத வேண்டும் என்று தெரியும். என்ன எழுதினேன் என்று இப்போது சத்தியம் பண்ண முடியவில்லை. போன கடிதத்தில் அவ்வளவு அடித்துச் சொன்னேன். இப்போது ராத்திரி பகல் எல்லாம் அந்த வார்த்தையை மனதுக்குள் எழுதிப் பார்க்கிறேன். சில சமயம் நாகம் வருகிறது, சில சமயம் வருவதில்லை.

எங்கள் தலைமை டாக்டர் கூப்பிட்டார். அதிகாரி அனுப்பிய உங்கள் வாக்குமூலம் அவர் மேஜையில் இருந்தது.

"இது மருந்துச் சீட்டா, மாமாவுக்கு எழுதின கடுதாசியா?"

"கடுதாசி சார்."

"விலங்கைப் பாத்தியா?"

"இல்ல சார்."

"ரத்தம் எடுத்துப் பாத்தியா?"

"இல்ல சார். மாமா சொன்னாங்க."

"மாமா சொன்னாங்களா" என்றார். திட்டியிருந்தால் தேவலை. என் கூடவே வேலை செய்கிறவர்கள் குனிந்துகொண்டு எதையோ தேடினார்கள்.

அந்தக் கடிதத்தை அனுப்புங்கள். நகல் வேண்டாம், அதையே அனுப்புங்கள். என் எழுத்தை நான் பார்க்க வேண்டும்.

ஈரலில் தங்கிய செம்பை மெல்ல வெளியேற்ற ஒரு பொடி அதிகாரி வழியாக வருகிறது. தீவனத்தில் அவர்கள் ஆளே கலப்பார். நீங்கள் எதையும் கடையில் வாங்க வேண்டாம். அதன் பெயரை இங்கே எழுதவில்லை. எதன் பெயரையும் எழுதப் பயமாக இருக்கிறது.

செத்தது இருபத்தாறு ஆகிவிட்டதாமே.

&nbsp;

ஜூன் 22

அன்புள்ள மருமகளுக்கு,

இருபத்தாறு இல்லை. இருபத்தெட்டு. இந்தத் தடவை பாதியாக்காதே.

நீ கேட்ட கடிதத்தை அனுப்பலாம் என்று பெட்டியைத் திறந்தேன். போன வார மழையில் கூரை ஒழுகிப் பெட்டிக்குள் இறங்கியிருக்கிறது. மற்ற எழுத்தெல்லாம் கரைந்துவிட்டது. அந்த ஒரு இடம் மட்டும் தப்பித்திருக்கிறது. அதைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. தாளின் ஓரத்தில் 'துத்த' என்று வரி முடிகிறது. 'நாகம்' அடுத்த வரியின் தொடக்கத்தில் இருக்கிறது. நீ வார்த்தையை இரண்டாக உடைத்திருக்கிறாய். முதல் வரியைப் படிக்கிறவனுக்குத் துத்தம் என்றுதானே படும்? நாகத்தை நான் வேறு ஏதோ என்று விட்டுவிட்டேன். பாம்பைப் பற்றி எச்சரிக்கிறாயோ என்றுகூட நினைத்தேன். சிரி, பரவாயில்லை.

ஆக உன் மேலும் முழுத் தப்பு இல்லை, என் மேலும் முழுத் தப்பு இல்லை. வரியின் தப்பு. அந்தத் தாள் தொட்டால் பொடிந்துவிடும் நிலையில் இருப்பதால் அனுப்பவில்லை.

வேறு ஒன்று சொல்ல வேண்டும். சொன்னால் மனசு ஆறுமோ என்று பார்க்கிறேன். கட்டிகளை எடுத்த இடத்தில் வெறும் குழிதான் இருக்கிறது. காலையில் பார்த்தால் அந்தக் குழியைச் சுற்றி நின்று மண்ணை நக்குகின்றன. தாய்களும் குட்டிகளுமாக, வரிசையில் நிற்பது மாதிரி. நாலு மாதமாகப் பழக்கிவிட்டேன் அல்லவா. மண்வெட்டியோடு போய் அந்த மண்ணையும் முழங்கால் ஆழத்துக்கு வெட்டி மூட்டை கட்டினேன். நான் வெட்ட வெட்ட ஒரு குட்டி பக்கத்திலேயே நின்றது. விரட்டினால் ஓடும், ஓடினால் விழுந்துவிடுமோ என்று விரட்டவும் பயம். அது போகட்டும் என்று மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு நானும் நின்றேன். ரொம்ப நேரம் நின்றோம்.

டிரைவர் மட்டும்தான் இப்போது என்னோடு பேசுகிறான். அதுவும் வண்டியைப் பற்றி.

மாமா

&nbsp;

ஜூன் 26

அன்புள்ள மாமாவுக்கு,

வரி முடிவில் வார்த்தையை உடைக்கிற பழக்கம் எனக்கு உண்டுதான். பள்ளிக்கூட நோட்டிலிருந்தே அப்படி. அம்மாவிடம் கேட்டேன். "ஆமா, நீ எப்பவும் வாலை ஒரு பக்கம் தலையை ஒரு பக்கம் எழுதுவே" என்றாள். அவளுக்கு எதற்குக் கேட்கிறேன் என்று தெரியாது.

எனக்குத் தேடிக்கொண்டிருந்த விடை கிடைத்துவிட்டது. கண்ணாடி போடாமல் படிக்கிற ஒருவருக்கு, உரக்கடையில் துத்தம் வாங்கியே பழகிய ஒருவருக்கு, அந்த வார்த்தையை உடைத்து எழுதியது என் கை. பக்கத்தில் "வெள்ளைப் பொடி" என்று இரண்டு சொல் சேர்த்திருக்கலாம். முதலில் கடிதத்தில் வைத்தியம் சொல்லியிருக்கவே கூடாது. நீங்கள் கேட்டவுடன் பெருமையாக இருந்தது மாமா, அதுதான் உண்மை. நம் வீட்டில் ஒருவர் என்னை டாக்டராக நினைத்துக் கேட்கிறார் என்று.

விளக்கக் கடிதம் எழுதிவிட்டேன். மந்தையின் சாவுக்கு என் தெளிவில்லாத எழுத்து மூலக் காரணம், கிடங்குப் பொறுப்பாளர் அதை நம்பி நடந்தார், அவர் மேல் குற்றமில்லை என்று இருக்கிறது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தலைமை டாக்டர் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகு இரண்டு வருடம் நான் எந்த அறிக்கையிலும் கையெழுத்திட முடியாது. சீசா கழுவலாம். அதன் பிறகு வைத்துக்கொள்வார்களா என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் அந்த விலங்குகளை எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் கையாலேயே அவற்றுக்கு நஞ்சு வைக்கும்படி செய்துவிட்டேன். முடிந்தால் என்னை மன்னியுங்கள்.

உங்கள் மருமகள்

&nbsp;

ஜூன் 29, ஞாயிறு

மருமகளுக்கு,

தபாலில் போட்டால் திங்கட்கிழமைக்குள் வராது. அதனால் டிரைவரிடம் கொடுத்து, உன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். தலைமை டாக்டருக்கு இன்னொரு உறை இருக்கிறது. அதிகாரிக்கு நேற்றே கொடுத்துவிட்டேன். அவர் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். கிடங்குச் சாவியை மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். நீ எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே.

மன்னிப்புக் கேட்டிருந்தாயே, அந்த வரியைப் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. இதை ஜோடித்து எழுதவில்லை.

உரக்கடையில் நடந்ததைச் சொல்கிறேன். உன் கடிதம் என் சட்டைப்பையில் இருந்தது. கடையில் நாலு பேர் நின்றார்கள். என் மருமகள் டாக்டர், கடிதத்திலேயே மருந்து எழுதி அனுப்பியிருக்கிறாள், நம் இரலைகளுக்குப் பெரிய இடத்து வைத்தியம் என்று அவர்களிடம் அளந்துகொண்டிருந்தேன். கடைக்காரர் தராசைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"துத்தமா, துத்தநாகமா?"

"ரெண்டும் ஒண்ணுதான்யா."

"இல்லண்ணே. இது நீலம், அது வெள்ளை. கடுதாசிய எடுத்து ஒரு தடவை பாருங்களேன்."

"இருபது வருஷமா தீவனம் போடுறவனுக்கு நீ பாடம் எடுக்கிறியா? துத்தநாகம்னா துத்தத்துக்குப் படிச்சவங்க வச்ச பேரு. நாகரிகமா சொல்றாங்க. நீலத்தப் போடு."

நாலு பேரும் சிரித்தார்கள். என் பக்கம் சேர்ந்து சிரித்தார்கள் என்று அப்போது நினைத்தேன். கடிதத்தை எடுத்துப் பார்க்க அரை நிமிடம் ஆகியிருக்காது. கண்ணாடி கூட அதே பையில்தான் இருந்தது. எடுத்தால், அவர் சொன்னது சரியாக இருந்துவிட்டால், அந்த நாலு பேர் முன்னால் என் முகத்தை எங்கே வைப்பது என்று பயம். அந்தப் பயம்தான் இருபத்தெட்டு இரலை.

நேற்று அந்தக் கடைக்காரரிடம் போனேன். வந்து சாட்சி சொல்வீர்களா என்று கேட்டேன். "உங்களுக்கு எதிராவா அண்ணே?" என்றார். ஆமாம் என்றேன். டீ வாங்கிக் கொடுத்தார். தலைமை டாக்டரின் உறைக்குள் அவர் கைப்பட எழுதியதும் இருக்கிறது. சாயப்பட்டறைக்காரரிடமும் போய்ச் சொன்னேன். குழாயில் நான் எதையும் பார்க்கவில்லை என்று.

ஐந்து நாளாகப் புதிதாக எதுவும் விழவில்லை. உங்கள் கூடம் அனுப்பிய பொடியை அவர்கள் ஆள் கலக்குகிறார். நான் வேலிக்கு வெளியே நின்று பார்க்கிறேன். உயிரோடு இருநூற்று மூன்று எண்ணினேன். இரண்டு தடவை எண்ணினேன்.

இதோடு முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். உன் பழைய கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு, மழையில் போய்விட்டது என்றே விட்டால், தப்பில் கால் பங்காவது உன் எழுத்தின் பக்கம் நிற்கும், எனக்குக் கொஞ்சம் மூச்சு விடலாம் என்று நினைத்தேன். கிழிக்கவும் கையில் எடுத்தேன்.

அதை இத்துடன் வைத்திருக்கிறேன். நனையவில்லை. எங்கள் கூரை ஒழுகுவதே இல்லை. வரி உடைந்திருந்தது என்று எழுதினேனே, அது நான் கட்டிவிட்டது. துத்தநாகம் என்று ஒரே வரியில், தாளின் நடுவில், அடியில் கோடு போட்டு எழுதியிருக்கிறாய். பக்கத்தில் "வெள்ளையாக இருக்கும், பார்த்து வாங்குங்கள் மாமா" என்றும் இருக்கிறது.